பெரிய கேமராவும் சோப்பு டப்பாவும்

இலங்கை மலைநாட்டு வட்டவளையில் ஆனி மாதம் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் காயும். ஆனால் புகை நாற்றம் போக இன்னொரு தடவை துவைக்க வேண்டும். செருப்பில் பூசணம் பூக்கும். பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலையில் பூக்கும். சுவரில் மாட்டிய சாமி படத்துக் கண்ணாடிக்குள்ளும் பூக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் கேமரா வைத்துப் பேர் எடுக்க நினைத்தால் அதைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், கொழுப்பு என்றும் சொல்லலாம். கல்லருவித் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் இரண்டையும் சொன்னார்கள்.

அந்த மனுஷன் முத்துலிங்கம். வாரத்தில் ஆறு நாள் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார். ஏழாம் நாள் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு சடங்கு வீடு, கல்யாண வீடு என்று கிளம்பிவிடுவார். இளவயதில் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தவர். அந்த முதலாளி புதுக் கேமரா வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டினார். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் கேமரா. கைக்கு வந்த அன்றைக்கே அதற்கு நாலு வயது. பிடி உரிந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். ஆனால் அது ‘சடக்’ என்று விழுகிற சத்தத்துக்குக் கூனிக் குறுகி நிற்கிற பெண்ணும் நிமிர்ந்துவிடுவாள். அட்டன் வரைக்கும் இவர் எடுத்த படங்கள் சுவர்களில் தொங்கின.

மழைக்காலத்தில் அந்தக் கேமரா வீட்டில் தங்குவதில்லை. லென்ஸுக்குள் பூசணம் பிடித்தால் அதோடு சரி. அதனால் வாரத்தில் பாதி நாள் அது தேயிலை ஸ்டோரில் குடியிருந்தது. தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே கொழுந்தைச் சூட்டில் காயவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு அலுமாரி உண்டு. மெஷினைப் பார்த்துக்கொள்கிற அழகுமுத்து அதற்குள் கேமராவை வைத்துக் கொடுப்பார். ஊரே நடுங்குகிற நாளில்கூட அந்த அலுமாரி கணகணவென்று இருக்கும். முத்துலிங்கத்தின் பெண்சாதி காளியாயி, “நானும் ஒரு லென்சா பொறந்திருந்தா சூட்டுல குந்தியிருப்பேன்” என்பாள். அவள் முப்பது வருஷமாக மழையில் கொழுந்து பறிக்கிறவள்.

இது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷக் கதை. அந்தச் சித்திரையில் காளியாயியின் தங்கை வீரம்மா குவைத்திலிருந்து வந்தாள். நாலு வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவள் போர்வை, பால்மா டின், வாசனைத் தைலம் எல்லாம் கொண்டுவந்தாள். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலக் கேமராவும் கொண்டுவந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கடலுக்குள் வைத்துப் படம் எடுத்த கேமராவாம். அவர்களுக்குப் புதுசு வந்ததும் பழசை இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முத்துலிங்கம் அதைக் கையில் வாங்கவே இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தார்.

“என்னா புள்ள இது, சோப்பு டப்பாவா?”

“கேமரா மச்சான். தண்ணிக்குள்ளயும் எடுக்கும்.”

“தண்ணிக்குள்ள யாரு கல்யாணம் கட்டுறா?”

காளியாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல் அரைபட்ட அம்மிக் கல் இன்னும் கழுவப்படவில்லை. வீரம்மா எழுந்தாள், தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கேமராவை முழங்கைவரை முக்கினாள். “குனிஞ்சு பாருங்க” என்றாள். அவர் தன்னை மறந்து குனிந்தார். வெளியே எடுத்துக் காட்டினபோது, வாளியின் அடியிலிருந்து பார்த்த முத்துலிங்கத்தின் முகம் மூக்குத் துவாரமும் மீசையுமாகத் தெரிந்தது. காளியாயி சிரித்த சிரிப்பில் ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போயிற்று.

“இதுல ஏழு மெகா பிக்சலு மச்சான். உங்களோடது எத்தன?”

“ஆறு.”

“அப்ப எது பெருசு?”

“ஆறு யானையும் ஏழு ஆடும் நிக்குது. எண்ணிக்கையில ஆடுதான் கூட. யானை சின்னதாயிருமா?” என்றார் முத்துலிங்கம். “ஒன்னோடதுல கண்ணாடி ஒரு மொச்சக் கொட்ட அளவு இருக்கு. வெளிச்சம் எப்புடி உள்ள போகும்? என்னோடதுல எடுத்தா கதவு அளவுக்குப் பெருசாக்கலாம், ஒரு மயிரு கலையாது.”

“கதவு அளவுக்குப் பெருசாக்கி எங்க மாட்டுறது? நம்ம காம்பராவுல கதவே ஒண்ணுதான் இருக்கு.”

இந்தச் சண்டை ஒரு மாதம் ஓடியது. கீழே போட்டால் உடைவது எது, கும்மிருட்டில் எடுப்பது எது, பையில் அடங்குவது எது என்று தினம் ஒரு வழக்கு. லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். காளியாயி எந்தப் பக்கமும் இல்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது.

அவர்கள் குடியிருந்த எட்டாம் நம்பர் லயத்துக்கு மேலே, சுற்றுலாக்காரர்களுக்குக் கட்டுகிற புது பங்களாவுக்காகப் பங்குனியில் ஒரு ரோடு வெட்டினார்கள். மெஷின் வந்து தேயிலையைத் தூரோடு பிடுங்கிப் போட்டது. அதற்கு முன்னால் மலைத் தண்ணீர் ஒரு கான் வழியாக ஓடி, லயத்துக்கு இடது பக்கமாக ஆற்றில் விழும். ரோடு கானைக் குறுக்கே வெட்டியதால் அடியில் ஒரு சீமெந்துக் குழாய் போட்டார்கள். போட்ட நாளிலிருந்து தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போகவில்லை. மழை கொட்டினால் ரோட்டுக்கு மேல் பக்கத்தில் குளமாக நின்று, மண்ணுக்குள் இறங்கி, லயத்தில் நாலு குடும்பங்கள் இருக்கிற கடைசி நாலு காம்பராக்களின் குசினித் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பின்னால் இருக்கிற மண் திட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த நாலு காம்பராக்களில் ஒன்றுதான் காளியாயியுடையது.

அவள் மகள் பிரியந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். வெடிப்புக்கும் அவள் படுக்கிற கட்டிலுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர் மட்டும் இருந்தது.

நாலு குடும்பமும் கேட்டது ஒன்றே ஒன்று. மேட்டில், கருங்கல் பாறை மேல், தோட்டத்து மருந்துக்காரர் இருந்த பழைய டிஸ்பென்சர் குவாட்டர்ஸ் ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. இந்த மழை முடிகிற வரைக்கும் அதில் இருக்க விட வேண்டும். தோட்டத்தை நடத்துகிற துரை மறுத்துவிட்டார். அவர் நல்லாகவே தமிழ் பேசுகிற சிங்களத் துரை. “நீங்க கானுக்குள்ள குப்பை போடுறது, தண்ணி வாறது. தோட்டம் என்ன செய்ய? குழாய் நல்ல குழாய்” என்றார்.

காளியாயி விடவில்லை. கூட்டுக் கையெழுத்து வாங்கி அரசாங்கக் காரியாலயத்துக்குக் கடிதம் போட்டாள். அதன் பலனாக ஒரு திங்கட்கிழமை கட்டிடப் பரிசோதகர் தம்பிஐயா வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மூன்று வாரமாகக் கொட்டிய மழை, அவர் வருகிற அன்றைக்குப் பார்த்து லீவு எடுத்துக்கொண்டது. குசினித் தரை காய்ந்து கிடந்தது. துரை பக்கத்தில் கைகட்டி நின்று சிரித்தார்.

“ஐயா, மழை ஊத்துற நேரம் வந்து பாருங்க. வெயில்ல பாத்தா என்னா தெரியும்?” என்றாள் காளியாயி.

“அம்மா, நான் மழையைக் கூட்டிக்கொண்டு வரேலாது. கண்டதைத்தான் எழுதுவன். வெடிப்பு இருக்கு, அதை எழுதுறன். ஆனா தண்ணி ஏன் இஞ்சால வருகுதெண்டு எனக்கு விளங்கவேணும். குழாய் அடைபட்டிருக்கோ, நீங்கள்தான் கானை அடைச்சனிங்களோ, ஆருக்குத் தெரியும்?”

“கொழாயிக்குள்ள எறங்கிப் பாக்க முடியாதுங்க. வாயெல்லாம் சேறு மூடிக் கெடக்கு. மழைத்தண்ணி அடிச்சாத்தான் தொறக்கும்.”

தம்பிஐயா கொஞ்சம் யோசித்தார். “வெள்ளிக்கிழமை திரும்பவும் வாறன். அண்டைக்கு அறிக்கை போகவேணும். அதுக்குள்ள மழை பெய்தா படம் எடுத்து வையுங்கோ. வடிவாத் தெரியவேணும். படம் இல்லையெண்டா என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

முத்துலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். படம்தானே என்று அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் மலையையே கல்யாண மேடையில் ஏற்றிவிடுவார் போல இருந்தது.

செவ்வாய் காய்ந்தது. சாயங்காலம் முத்துலிங்கம் கேமராவை அழகுமுத்துவிடம் கொடுத்து, “நல்லா சூட்டுக்குப் பக்கத்துல வைங்க. ஈரம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. நாளைக்கி மழை கட்டாயம் வரும்” என்றார். முத்துலிங்கத்தைத் தவிர வேறு எந்தப் படக்காரரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டார். கொழுந்து காய்கிற சூட்டில் கேமரா ஒரு இரவு முழுக்க வெந்தது.

புதன்கிழமை விடியும்போதே வானம் பொத்துக்கொண்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் போட்டுவிட்டு மலைக்குப் போன பெண்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள், அவ்வளவு மழை. முத்துலிங்கம் ஸ்டோருக்கு ஓடிக் கேமராவை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். சுடச்சுட இருந்தது. காளியாயி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அதற்குக் குடையாகப் பிடித்தாள். வீரம்மா பின்னால் வந்தாள். மூன்று பேரும் ரோட்டுக்கு ஏறினார்கள். மேல் பக்கத்தில் தண்ணீர் குளமாகக் கட்டி நின்றது. காளியாயி சொன்னபடியே சேறு கரைந்து குழாயின் வாய் திறந்திருந்தது.

முத்துலிங்கம் கண்ணை வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

“என்னாங்க?” என்றாள் காளியாயி.

“வெள்ளையா இருக்கு.”

“மழையா?”

“இல்ல. உள்ள.”

மெஷின் சூட்டில் லென்ஸுக்குள் அடைபட்ட ஆவி, முகப்புக் கண்ணாடியில் குளிர் மழை பட்டதும் உள்பக்கமாகப் படிந்துவிட்டது. வெளியே துடைத்து என்ன பிரயோசனம்? சட்டையால் துடைத்தார், காளியாயியின் முந்தானையால் துடைத்தார். லென்ஸைக் கழற்றப் போனார். கழற்றினால் மழை உள்ளே இறங்கும். ‘சடக், சடக்’ என்று பத்துப் படம் எடுத்தார். பத்தும் பால் ஊற்றின மாதிரி இருந்தன. சூட்டில் வைக்கச் சொன்னது தான்தான் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

வீரம்மா கேலி பண்ணவில்லை. ஒரு மாதமாக அவள் காத்திருந்த சந்தர்ப்பம் இது, ஆனாலும் பண்ணவில்லை. இடுப்பிலிருந்து நீலக் கேமராவை எடுத்தாள்.

“எங்க நின்னு எடுக்கணும்னு சொல்லுங்க மச்சான்.”

முத்துலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு அவருக்குள் இருந்த படக்காரர் எழுந்துவிட்டார்.

“மொதல்ல கிட்டப் போகாத. இங்க நில்லு. புது ரோட்டுக் கல்லும் தெரியணும், கீழ நம்ம லயத்துக் கூரையும் தெரியணும். அந்த டயர் வச்ச கூரை. ஆங். அப்பத்தான் எடம் எதுன்னு ஒரு பயலும் கேக்க முடியாது. எடு. இப்ப காளியாயி, நீ தண்ணிக்குள்ள எறங்கு. மட்டக்கம்ப ஊனு.”

கொழுந்து பறிக்கிற பெண்கள் செடியின் மட்டம் பார்க்க வைத்திருக்கிற நீளக் கம்பு அது. காளியாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையோடு கொண்டுவந்த கம்பை ஊன்றினாள். பாதிக் கம்புக்கு மேல் முழுகிப் போயிற்று.

“மூஞ்சியச் சுளிக்காத, நேரா பாரு” என்றார் முத்துலிங்கம்.

“நான் என்ன பொண்ணு பாக்கவா நிக்கிறேன்? குளிருதுங்க.”

அதற்குப் பிறகு வீரம்மா செய்ததை அந்த லயத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் குழாயின் வாய்க்கு மேலே கரையில் குப்புறப் படுத்தாள். காளியாயி அவள் காலைப் பிடித்துக்கொள்ள, கையைத் தோள்வரைக்கும் குழாய்க்குள் விட்டாள். அவள் கன்னம் சேற்றில் கிடந்தது. உள்ளே கேமரா என்ன பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. விரலால் தடவித் தடவி அமுக்கினாள். மூன்று தடவை விட்டு எடுத்தாள். மூன்றாவது தடவை முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

“என்னமோ இடிக்குதுக்கா. வேர் மாதிரி.”

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் குடையோடு வந்து சேர்ந்தார். துரையின் காதும் கண்ணும் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் துரை தும்மினால் இவர் போர்வை தேடுவார்.

“முத்துலிங்கம், என்னா நடக்குது இங்க? தோட்டத்துக்குள்ள படம் எடுக்கக் கூடாதுன்னு தொரை சொல்லியிருக்காரு. கேமராவக் குடுங்க.”

“ஐயா, ஞாயித்துக்கெழம வட்டகொடையில கல்யாணங்க. இத நம்பித்தான் சொல்லியிருக்காங்க.”

“அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசுங்க. குடுங்க.” சொல்லிக்கொண்டே ஆண்டியப்பனின் பார்வை வீரம்மா பக்கம் திரும்பியது. அவள் சேறும் ரத்தமுமாக எழுந்து நின்றாள். மணிக்கட்டில் நீலக் கேமரா தொங்கியது. “அது என்னா?”

காளியாயி தங்கையின் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

முத்துலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதுங்களா? சோப்பு டப்பா. குவைத்துல புள்ளைங்க தண்ணியில போட்டு வெளையாடுறது. அதப் போயி கேமரான்னு சொல்லுவீங்களா நீங்க?” என்றார். பிறகு கழுத்திலிருந்து பெரிய கேமராவைக் கழற்றினார். வார் காதில் மாட்டிக்கொண்டது, மெதுவாக எடுத்துவிட்டார். “கேமரான்னா இதுதாங்க. பத்திரமா கொண்டு போங்க. ஈரத்துல வைக்காதீங்க.”

ஆண்டியப்பனுக்குத் திருப்தி. அவ்வளவு கனமான பொருள் கையில் வந்தால் எந்த மனுஷனுக்கும் காரியம் முடிந்தது என்றுதான் தோன்றும். அதைக் குடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கணக்கப்பிள்ளையின் குடை வளைவில் மறைந்தது.

“ஒரு மாசமா இதேதான் சொன்னீங்க. இன்னைக்கித்தான் கேக்க நல்லாருந்துச்சு” என்றாள் வீரம்மா.

“நட. கையக் கழுவு. புள்ளைக்கிச் சூடா தேத்தண்ணி ஊத்து காளியாயி” என்றார் அவர்.

வியாழக்கிழமை வீரம்மா பஸ் ஏறி அட்டன் போய், ஏழு படத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முத்துலிங்கம் இஸ்தோப்புத் திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் குறை சொல்லாமல் இருக்க முடியுமா?

“ஓரமெல்லாம் வளைஞ்சிருக்கு. சேறு பச்சையா வந்திருக்கு. இந்தா பாரு, இருட்டுல பொரி பொரியா.” பிறகு குழாய்க்குள் எடுத்த படத்தில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். “ஆனா இருக்கு” என்றார்.

பிரியந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “என்னாப்பா இருக்கு?”

“எல்லாம் இருக்கு.”

வெள்ளிக்கிழமை மறுபடியும் வெயில். துரையின் ஆபீஸில் தம்பிஐயா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் முத்துலிங்கத்தின் கேமரா இருந்தது. காளியாயி, முத்துலிங்கம், வீரம்மா மூவரும் சுவரோரம் நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“படம் எடுத்தனிங்களோ?” என்றார் தம்பிஐயா.

துரை முந்திக்கொண்டார். “எடுத்தது. நான் பார்த்தது. நீங்களும் பாருங்க.” கேமராவை முடுக்கிப் பின்பக்கத்துக் குட்டித் திரையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை. அடுத்தது, வெள்ளை. பத்தும் வெள்ளை. “இதுதான் இவங்க தண்ணி. தண்ணி இருந்தால்தானே படம் வாறது.” ஆண்டியப்பன் வாசலில் நின்று மரியாதைக்குச் சிரித்தார்.

வீரம்மா முந்தானைக்குள்ளிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

தம்பிஐயா கண்ணாடியைப் போட்டார். ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார். துரையின் சிரிப்பு எந்தப் படத்தில் நின்றது என்று காளியாயி பிறகு சரியாகச் சொல்வாள்: ஐந்தாவது படத்தில்.

“இது தேயிலைக் கட்டை, வேரோடை. இது சீமெந்துப் பை, மண் நிரப்பினது. இது திரும்பவும் கட்டை” என்றார் தம்பிஐயா. “இதுகள் தங்கடை பாட்டுக்கு நடந்துபோய்க் குழாய்க்குள்ளை ஏறியிருக்காதுகள்.”

“அது வேற கான். இந்தத் தோட்டத்தில் எத்தனை கான் இருக்கு” என்றார் துரை.

தம்பிஐயா முதல் படத்தை எடுத்து ஜன்னல் பக்கமாகப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டாம் நம்பர் லயம் தெரிந்தது. கடைசிக் காம்பராவின் கூரையில் காற்றுக்குத் தகரம் பறக்காமல் வைத்த டயர் தெரிந்தது. “கூரையும் வேறையோ? டயரும் வேறையோ?”

துரை படத்தைத் தள்ளி வைத்தார். காளியாயி சொன்னாள்: “குப்பை போட்டது நாங்கன்னு சொன்னீங்க தொரை. எங்க காம்பராவுல தேயிலைக் கட்டையும் மொளைக்கல, சீமெந்தும் வெளையல. மெஷின் தள்ளுனத அள்ளிப் போடச் சோம்பல்பட்டு உள்ள தள்ளியிருக்காங்க. அந்தத் தண்ணியிலதான் என் புள்ள பெத்துக்கணுமா?”

தம்பிஐயா எழுதினார். நாலு காம்பராக்களிலும் மழைக்காலத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது. உடனே மாற்ற வேண்டும். குழாயைத் தோட்டம் திறக்க வேண்டும். எழுதியதை வாசித்தும் காட்டினார். போகும்போது வீரம்மாவின் முழங்கைக் கட்டைப் பார்த்து, “மருந்து போட்டனீரோ பிள்ளை?” என்று கேட்டார்.

ஜீப் போன பிறகு துரை நாற்காலியில் சாய்ந்தார். “ஹரி, சரி. எழுதினது எழுதினது. குவாட்டர்ஸ் சாவி கொழும்பில் இருக்கு. கேட்டு எழுத வேணும். ரெண்டு கிழமை, பதினாலு நாள்.” பிறகு ஒரு கடதாசியை முத்துலிங்கத்தின் பக்கம் தள்ளினார். “இதில் சைன் வை. கேமரா கொண்டு போ. இனி தோட்டத்துக்குள்ள கேட்காமல் படம் எடுக்கிறது இல்ல என்று இருக்கு.”

“சடங்கு வீட்டுப் படமுங்களா?”

“அதுவும் கேட்டு.”

“சாவு வீட்டுப் படம்?”

“எல்லாம்.”

முத்துலிங்கம் பேனாவைக் கையில் எடுத்தார். கேமராவைப் பார்த்தார். ஈரமான ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தார்கள், மூடிகூடப் போடவில்லை. அதை விட்டுவிட்டுப் போவது என்பது அவருக்குக் கையை வெட்டி வைத்துவிட்டுப் போவதுதான். அவர் பேனாவை மூடிக் கடதாசியின் மேல் வைத்தார்.

“இருக்கட்டுங்க தொரை. ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

மூவரும் லயத்துக்குத் திரும்பி நடந்தார்கள். பாதி வழியில் முத்துலிங்கம் நின்றார்.

“வட்டகொடைக்காரங்களுக்கு என்னா சொல்றது?”

“இதக் கொண்டு போங்க மச்சான்” என்று வீரம்மா நீலக் கேமராவை நீட்டினாள்.

“இதக் கண்டா பொண்ணு நிமிந்து நிக்குமா?”

“சடக்குன்னு சத்தத்த நீங்க வாயால போடுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும் முன்னே மேற்கே மலை கறுத்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலு மணிக்குக் குசினித் தரை குமிழ்விட ஆரம்பித்தது. பிரியந்தி கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அடுப்பு மேடையைத் தொட்டதும் விறகு ‘ஸ்’ என்று அணைந்தது. பின்னால் மண் திட்டிலிருந்து ஒரு கூடை மண் சரிந்து சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. காளியாயி எழுந்தாள். ரொட்டிக் கல்லை எடுத்தாள், அரிசி டின்னை எடுத்தாள், மகளின் கையைப் பிடித்தாள்.

“கொழும்புல இருந்து சாவி வரட்டும். நாங்க போறோம்” என்றாள்.

நாலு காம்பராவும் காலியானது. மற்ற லயங்களிலிருந்தும் ஆட்கள் கூப்பிடாமலே வந்து சட்டி பானைகளைத் தூக்கினார்கள். கவ்வாத்துக் கூட்டத்து ஆண்கள் முன்னாலேயே போய்விட்டார்கள்; முத்துலிங்கம் அவர்களோடு போயிருந்தார். மேட்டில், பாறையின் மேல், மழை எல்லாப் பக்கமும் வழிந்து ஓடியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. பிரியந்தி குவாட்டர்ஸ் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, வலது காலை எடுத்து வைத்தாள். பிறகு தரையைக் காலால் அமுக்கிப் பார்த்தாள். காய்ந்த தரை. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காளியாயி மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது ஆண்டியப்பன் வந்தார். ஓடிவந்த ஓட்டத்தில் குடை மடங்கியிருந்தது.

“என்னா காளியாயி இது? யாரு சாவி குடுத்தா? பூட்ட ஒடைச்சிட்டீங்களா? தொரை பொலிசுக்குச் சொல்லுவாரு.”

“பூட்ட யாரும் தொடலைங்க. போயிப் பாருங்க.”

ஆண்டியப்பன் பார்த்தார். பூட்டு அதன் கொண்டியில் துருவோடு அப்படியே தொங்கியது. கீலைக் கழற்றிக் கதவைத்தான் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கதவின் மேல் நாலு வீட்டுத் துணியும் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் உள்ளே எண்ணிப் பார்த்தார். பதினேழு பேர். நடுவில் பிரியந்தி. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் வணக்கம் சொல்லவும் இல்லை.

“நான் தொரைகிட்ட என்னான்னு சொல்றது?” என்றார், அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை.

காளியாயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். நெருப்பு பிடித்துக்கொண்டது.

“நாங்க குடிவந்துட்டோம்னு சொல்லுங்க. நம்பலைன்னா வந்து படம் எடுத்துக்கிறச் சொல்லுங்க. பெரிய கேமரா அவருகிட்டதான இருக்கு.”